மூன்றாம் நடுவர்

ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நடைபாதையை ஒட்டிய நாற்காலி. எழுந்தால் யார் முழங்காலிலும் இடிக்காமல் நேரே மேடைக்குப் போய்விடலாம். அப்படியென்றால் ஆய்வாளர் பேரவையின் கட்டுரை விருது இந்தத் தடவை தனக்குத்தான் என்று தாணுமாலயன் நினைத்தார். நினைத்த கையோடு, அப்படி நினைக்க வைப்பதற்காகவே இங்கே உட்கார வைத்திருக்கலாம் என்றும் நினைத்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவரை நடுவில் போட்டார்கள், ஓரத்தில் இருந்த ஹைதராபாத்காரர் எழுந்து போய் வாங்கினார். அதற்கும் மூன்று வருஷம் முன்னால் இவர் ஓரத்தில் இருந்தார், நடுவில் இருந்த பிலோமினா இவர் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போய் வாங்கினாள். இரண்டே இரண்டு தடவையை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? நிறுவன நிதியியலில் இருபத்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது. தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அவர் வலது பக்கம் திரும்பி, இறுதிப் பட்டியலில் இருந்த மற்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். புனேக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார், காலரில் மடிப்பின் கோடு இன்னும் போகவில்லை. முன்கூட்டியே யாரோ காதில் போட்டிருந்தால்தானே புதுச் சட்டை வாங்கத் தோன்றும். திருவனந்தபுரத்துப் பெண் கொட்டாவி விட்டாள். ஒன்று அவளுக்குக் கிடைக்காது என்று தெரியும், அல்லது கிடைக்கும் என்று தெரியும். மேடையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், சிறப்பு விருந்தினர், தன் இளமைக் காலத்தில் கோயம்புத்தூர் எவ்வளவு குளிராக இருந்தது என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே வட்டக் கடிகாரத்தில் இரண்டு மணி இருபது நிமிஷம். கல்லூரியின் இந்த அரங்கம் தரைக்குக் கீழே இருப்பதால் போனில் டவர் கிடையாது. ஏசிக் காற்று நேரே பின்கழுத்தில் அடித்தது. மூன்று மணிக்குத் திருச்சியில் கமிட்டி கூடும். அதை நினைக்க வேண்டாம் என்று நினைத்தார்.

இடது பக்கம் நடைபாதை, வலது பக்கம் பிலோமினா. அவளுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. பழைய விருதாளர்களுக்குச் சந்தன நிற ரிப்பன் குத்தி மூன்றாவது வரிசையில் உட்கார வைப்பது பேரவையின் வழக்கம். ஆனால் அவள் வந்ததும் வராததுமாக, நாற்காலியில் ஒட்டியிருந்த யாரோ ஒருவருடைய பெயர்ச் சீட்டை உரித்துப் பின்னால் ஒட்டிவிட்டு, "ஏ தாணு, நவுந்து இரு, நான் ஒன் பக்கத்துல இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பாளையங்கோட்டையில் எம்.காம். படித்தபோதும் இப்படித்தான், யார் பெஞ்சாக இருந்தாலும் அவளுக்குப் பிடித்தால் அவள் பெஞ்சு. தூத்துக்குடிக்காரி. முப்பது வருஷப் பழக்கம். இன்றைக்கு ஏன் இத்தனை பிரியம்? சாப்பாட்டு நேரத்தில் அவளே வரிசையில் நின்று காபி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். "சீனி போடல. ஒனக்குச் சுகர்னு செண்பகம் சொன்னாள்லா?" செண்பகத்திடம் இவள் எப்போது பேசினாள்? என்ன பேசினாள்? தன் மனைவி தன்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறாள் என்பதே ஒரு மனுஷனுக்குத் தெரியாமல் இருக்கிறது. குற்றம் செய்தவர்கள்தான் காபி வாங்கித் தருவார்கள். கையில் கப்பை வைத்துக்கொண்டு நேராக முகத்தைப் பார்த்து, "பயமா இருக்கா?" என்று வேறு கேட்டாள். "இல்ல, எனக்கென்ன பயம்" என்றார். "பின்ன ஏன் பேயறைஞ்சவன் கணக்கா இருக்கே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இதோ இப்போது புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். வழக்கத்தைவிட அரை நொடி சீக்கிரமாக முடிந்துவிட்ட சிரிப்பு. இருபத்தாறு வருஷமாக நிறுவனங்களின் அறிக்கைகளைப் படிக்கிறவனுக்குத் தெரியாதா, எந்த இடத்தில் வாக்கியம் சட்டென்று முடிகிறது என்று.

பேரவையின் விதிப்படி கட்டுரையில் பெயர் இருக்காது. படிக்கிற மூன்று நடுவர்களுக்கும் எழுதியது யார் என்று தெரியாது. எழுதியவருக்கும் நடுவர்கள் யார் என்று தெரியாது. பழைய விருதாளர்களிலிருந்துதான் நடுவர்களை எடுப்பார்கள் என்பது மட்டும் ஊரறிந்த விஷயம். இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களுக்கு நடுவர்களின் மதிப்பீட்டைப் பத்து நாள் முன்னால் மெயிலில் அனுப்புவார்கள், மூன்று பைல். முதல் நடுவர், நுட்பமான ஆய்வு என்றிருந்தார். இரண்டாம் நடுவர், இந்தத் துறையில் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றிருந்தார். அந்த இரண்டையும் தாணுமாலயன் ஒரு தடவை படித்தார், சந்தோஷப்பட்டார், மூடிவிட்டார். மூன்றாம் நடுவர் நான்கே வரி எழுதியிருந்தார். 'உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் ஆசிரியர் தான் எதைச் சந்தேகப்படுகிறாரோ அதையே போய்க் கண்டுபிடித்துவிட்டு வருகிறார். வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. விருதுக்குப் பரிந்துரைக்க இயலாது.' இதை அவர் பதினைந்து தடவை படித்தார். குளித்துக்கொண்டிருக்கும்போது மனப்பாடமாக வந்தது. உழைப்பு பாராட்டத்தக்கது! மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி. இந்தப் 'பாராட்டத்தக்கது' யாருடைய வார்த்தை? பிலோமினா மாணவர்களின் விடைத்தாளில்கூட அப்படித்தான் எழுதுவாள். மற்றவர்களும் எழுதுவார்கள்தான். அதனால்தான் அவர் அந்தப் பைலின் உள்விவரங்களைத் திறந்து பார்த்தார். மேலே பெயரை அடித்துவிடுவார்கள், உள்ளே இருப்பதை மறந்துவிடுவார்கள், கம்ப்யூட்டர் ஒன்றையும் மறப்பதில்லை. உருவாக்கியவர்: பிலோமினா. அப்படியே இருந்தது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அப்போதும் இருந்தது. எதிரி அடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. எத்தனை நாளாக இவள் தன்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்று முப்பது வருஷத்தையும் திரும்பத் தோண்ட வேண்டியிருந்தது. அவர் தோண்டினார். தோண்டத் தோண்டக் கிடைத்தது. மூத்த மகள் கல்யாணத்துக்கு இவள் தாமதமாக வந்தது, ஒரு கருத்தரங்கில் இவர் பேசும்போது கீழே குனிந்து எதையோ தேடியது, விருது வாங்கிய வருஷம் 'ஒனக்குத்தான் தாணு குடுத்திருக்கணும்' என்று சொன்னது. அதை அப்போது பெருந்தன்மை என்று நினைத்தார், மடையன்.

மேடையில் வங்கி அதிகாரி அந்தக் காலத்துச் சிறுவாணித் தண்ணீருக்கு வந்துவிட்டார். இரண்டு முப்பத்தைந்து. அவருடைய கட்டுரை, நிறுவனங்களின் சுயேச்சை இயக்குநர்கள் எழுதுகிற ராஜினாமாக் கடிதங்களைப் பற்றியது. முதலாளி குடும்பத்துக்கு வேண்டியவராக இல்லாமல், தப்பு நடந்தால் தட்டிக் கேட்பதற்கென்று வெளியிலிருந்து போடப்படுகிறவர்கள். அவர்கள் தட்டிக் கேட்பதில்லை, விலகிப் போய்விடுகிறார்கள். விலகும்போது 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதுகிறார்கள். 'வேறு பணிகள் இருப்பதால்' என்று எழுதுகிறார்கள். பொய்யாக ஒரு வார்த்தை இருக்காது. நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களை அவர் படித்தார், எதில் நன்றி சொல்லவில்லை, எதில் வாழ்த்து இல்லை, எதில் மூன்று வரிக்கு மேல் போகவில்லை என்று குறித்தார். அப்படிக் குளிர்ந்துபோன கடிதம் வந்த நிறுவனங்களில் பாதிக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் ஏதோ ஒரு ஊழல் வெளியே வந்தது. அவ்வளவுதான் கட்டுரை. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது என்பது அதன் முடிவு. இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு, ஓட்டல் அறையில் இட்லி வருவதற்கு முன்னால், அவரே அப்படி ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். திருச்சியில் ஒரு மேலாண்மைக் கல்லூரி, அதன் இயக்குநர் பதவிக்குக் கடைசியில் இரண்டு பேர், அதில் ஒருத்தி பிலோமினா. நேர்காணல் போன வாரமே முடிந்துவிட்டது. அவளைப் பற்றி ரகசியமாகக் கருத்துச் சொல்ல அவளே கொடுத்த பெயர் தாணுமாலயன். இரண்டு மாசம் முன்னால் போனில், "ஒன் பேரக் குடுத்திருக்கேன். ஐம்பத்திமூணு வயசாச்சு, இதுக்கு மேல எங்கயும் கேக்க மாட்டேன் பாத்துக்கோ" என்றாள். அன்றைக்கே அவர் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்தார். நல்ல கடிதம் அது. பிறகு மூன்றாம் நடுவர் வந்தார். இன்று காலை போனது வேறு கடிதம், நான்கு வரி. 'இவரை முப்பது ஆண்டுகளாக அறிவேன். கொடுத்த பணியைக் குறித்த நேரத்தில் முடிப்பவர். இவருடைய உழைப்பு பாராட்டத்தக்கது. கமிட்டி தகுந்த முடிவை எடுக்கும் என்று நம்புகிறேன்.' பொய் ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவளுக்குத் தெரிந்திருக்குமோ? ரகசியக் கடிதம்தான், ஆனால் எந்த அலுவலகத்தில் எது ரகசியம். அதனால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளா, முகத்தைப் படிக்க? காபி, சீனி, செண்பகம். செண்பகம் ஒரு நாள் சொன்னாள், "நீங்க படிக்கியதெல்லாம் படிச்சு, கடசீல நான் ஒரு பாயசம் வச்சாக்கூட எதுக்கு வச்சேன்னு யோசிக்கிய ஆளாயிட்டீங்க." நாஞ்சில் நாட்டுக்காரி, குத்தலாகப் பேச வேண்டுமென்று பேசமாட்டாள், வாயைத் திறந்தால் வந்துவிடும். பிலோமினா கைப்பைக்குள் எதையோ தேடினாள். மாத்திரையா, கடிதத்தின் நகலா. புளிப்பு மிட்டாய். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை இவர் பக்கம் நீட்டியவள், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். "ஒனக்கு ஆகாதுலா." தெரிந்திருந்தால் மிட்டாய் நீட்டுவாளா? நீட்டிவிட்டு ஏன் இழுத்துக்கொண்டாள்? இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு அறையில் பியூன் தண்ணீர் பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டிருப்பான். நாலைந்து பேர், ஆளுக்கு ஒரு பைல், அதில் அவருடைய நாலு வரி. அதைப் படிக்கிறவர்கள் ஒன்றும் அவர் கட்டுரையைப் படித்தவர்கள் இல்லை. இருந்தாலும் இந்த நாலு வரி எந்த மொழியில் பேசுகிறது என்று கல்லூரி நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். செய்தது சரிதான். முதுகில் குத்தினவளுக்கு அவர் முதுகில்கூடக் குத்தவில்லை, பாராட்டாமல் விட்டார், அவ்வளவுதான். சரிதான் என்று அவர் சொல்லிக்கொண்டபோது கை ஏனோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. அதில் ஒன்றும் இல்லை.

பேரவையின் செயலர் ரஹ்மத்துன்னிசா நடைபாதை வழியாகக் குனிந்தபடி வந்து, இவர் நாற்காலியின் பக்கத்தில் நின்று, இவரைத் தாண்டி பிலோமினாவிடம் பேசினாள். கையில் மூடிய உறை. விருதுப் பெயர் அதில்தான் இருக்கும். உறையைப் பார்க்காதது மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், மறந்துட்டே இருந்தனுங்க. ஒம்பது வருஷம் முன்னால நீங்க செயலரா இருந்தப்ப ஒரு மதிப்பீட்டுப் படிவம் போட்டீங்கல்ல, அதே பைலத்தான் இன்னமும் மூணு நடுவருக்கும் அனுப்பிட்டிருக்கோம். அவங்களும் அதுலயே எழுதித் திருப்பி அனுப்பிடறாங்க. அடுத்த வருஷத்துக்குக் கேள்விய மாத்தோணும், நீங்களே மாத்திக் குடுத்துருங்களேன்." பிலோமினா வாயில் மிட்டாயோடு சிரித்தாள். "ஆத்தாடி, அத இன்னுமா வச்சிருக்கீய? என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல அடிச்சதுலா அது." "இந்தத் தடவ நடுவரா இருங்கன்னு கூப்பிட்டதுக்கும் வரலைன்னுட்டீங்க." "எப்படி வருவேன்? இவன் கட்டுரை அனுப்புவான்னு எனக்குத் தெரியும். பேர மறைச்சா மட்டும் இவன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்? முத வரியிலயே கண்டுபிடிச்சிருவேன். அப்புறம் நல்லா இருக்குன்னு சொன்னாலும் தப்பு, இல்லன்னு சொன்னாலும் தப்பு." செயலர் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு உறையோடு மேடைப் பக்கம் போனாள். இரண்டு நாற்பத்தெட்டு.

இதுவும் நாடகமாக இருக்கலாம். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு. எதற்குப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும், பைலைத் திறந்து பார்த்தது செண்பகத்துக்குக்கூடத் தெரியாதே. மூன்று நடுவருக்கும் அதே பைல். மூன்று. போனை எடுத்தார். பத்து நாள் முன்னால் இறக்கிவைத்த மூன்று பைல்களும் போனில் இருந்தன. முதல் நடுவர், நுட்பமான ஆய்வு என்று எழுதிய புண்ணியவான், விவரம் என்ற இடத்தில் அமுக்கினார். உருவாக்கியவர்: பிலோமினா. இரண்டாம் நடுவர். பிலோமினா. மூன்றாமவரைத் திறக்கவே தேவையில்லை, திறந்தார். பிலோமினா. நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வேறு நிறுவனங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர், மூன்று பைலில் ஒன்றைத்தான் திறந்தார். புகழ்ந்த இரண்டையும் யார் எழுதியது என்று கேட்கவே தோன்றவில்லை. முதல் வருஷ மாணவன் இப்படிச் செய்தால் காகிதத்தை முகத்தில் விட்டெறிந்திருப்பார். ஆசிரியர் தான் எதைச் சந்தேகப்படுகிறாரோ. போய்க் கண்டுபிடித்துவிட்டு வருகிறார். யாரோ முகம் தெரியாத ஒருவர், இவரைப் பார்த்திராத ஒருவர், கட்டுரையை மட்டும் படித்துவிட்டு ஆளையே எழுதிவிட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே பயம் இருந்தது, கடிகாரம் இருந்தது. பிலோமினாவுக்கு அவரிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால் என்றைக்கு நாலு வரியில் ஒளிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்? நேரே வந்து, "தாணு, இது ஒரே குப்பையா இருக்கு" என்பாள். அதைத்தானே அனுப்பாமல் விட்ட முதல் கடிதத்தில் எழுதினார்.

முதல் கடிதம் மெயிலில் வரைவாகக் கிடந்தது. திறந்தார். 'என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஆள் பிலோமினா. தன் கட்டுரையில் ஒரு தவறு இருப்பதை யாரும் கவனிக்காதபோது தானே கண்டுபிடித்து, அச்சான கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டவர். இவருடைய கையில் ஒரு கல்லூரி இருந்தால் என் இளைய மகளை அங்கே கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன்.' இரண்டு மாசத்துக்கு முன்னால் இவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததா! மேலே ஒரு வரி சேர்த்தார்: காலையில் அனுப்பியதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இதுதான் என் கருத்து. அனுப்பு என்பதை அமுக்கினார். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தப் பாழாய்ப்போன பாதாளத்தில் டவர் இல்லை. வெளியே போக வேண்டும். பின்கதவு, பதினெட்டோ இருபதோ படி, வெளியே வேப்பமரம், அங்கே காலையில் மூன்று கோடு காட்டியது. கமிட்டித் தலைவரைக் கூப்பிட்டே சொல்லிவிடலாம். இரண்டு ஐம்பத்திமூன்று. போதும், தாராளமாகப் போதும். வங்கி அதிகாரி நன்றி வணக்கம் என்றார், எல்லாரும் கைதட்டினார்கள், அந்தச் சத்தத்தில் எழுந்தால் யாருக்கும் தெரியாது. எழுந்தார். பின்கதவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். மைக்கில் ரஹ்மத்துன்னிசா ஏதோ சொன்னாள், சுயேச்சை இயக்குநர்கள் என்று காதில் விழுந்தது, கைதட்டல் நிற்காமல் இன்னும் பெரிதாகி அவர் மேலேயே விழுகிற மாதிரி இருந்தது, தாணுமாலயன் என்றது மைக். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிச் சிரித்தார்கள்.

"ஏய், அங்க எங்க போறே! மேடை இந்தப் பக்கம்லா இருக்கு" என்று பிலோமினா ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். அவள் கண் ஈரமாக இருந்தது. "கூறுகெட்டவனே, கால் ஓடலயா? நான்தான் சொன்னேன்லா, ஒனக்குத்தான்னு." "இல்ல பிலோ, ஒரு நிமிஷம், ஒரு போன்" என்றார். "போனைக் கொண்டா இங்க. நான் போட்டோ எடுக்கேன், செண்பகத்துக்கு அனுப்பணும்." கையிலிருந்து உருவிக்கொண்டாள். விட்டுவிடாமல் பிடித்திருக்கலாம். பிடித்து இழுத்திருந்தால் அவள் ஆச்சரியப்பட்டுக் கையை எடுத்திருப்பாள், அவர் ஓடியிருக்கலாம், இருநூறு பேரும் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அவர் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. மூன்று தடவை வந்து இரண்டு தடவை வெறும் கையோடு ஊருக்குப் போன ஆள், மேடை இருந்த பக்கம் திரும்பினார், அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டாள், அவர் நடந்தார். ஐந்து நிமிஷந்தானே என்று நினைத்தார். வாங்கியதும் ஓடிவிடலாம் என்று நினைத்தார். பொன்னாடை போர்த்தினார்கள், பிறகு மாலை, பிறகு பாராட்டுரையை முழுவதுமாக வாசித்தார்கள். மூன்று நடுவர்களில் இருவரின் பெருமைமிகு பரிந்துரையோடு என்று வாசித்தார்கள். கீழே பிலோமினா அவருடைய போனைத் தூக்கிப் பிடித்தாள், பிடித்தவள் படம் எடுக்காமல் திரையையே பார்த்தாள். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. உதடு அசைந்தது, விரலால் திரையை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். காலையில் அனுப்பியதை விட்டுவிடுங்கள் என்று மேலே இருந்த வரியை முதலில் பார்த்திருப்பாளா, அல்லது அதைத் தாண்டி நேரே தன் பெயர் இருந்த இடத்துக்குப் போய்விட்டாளா? அவள் நிமிர்ந்து பார்த்தாள், முகம் முழுக்க அழுகையும் சிரிப்புமாக இருந்தது. நெஞ்சில் கையை வைத்து அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மேலே இருந்த வரியை அவள் படிக்கவில்லை. இனிமேல் படிப்பாள். கேடயத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்த வங்கி அதிகாரி, "சிரிங்க சார், அந்த அம்மா போட்டோ எடுக்கறாங்க" என்றார். மூன்று மணி ஐந்து நிமிஷம். அவர் சிரித்தார்.